எழுத்துகளுக்குள் ஒரு முகம்

பூட்டுக்குப் பெயர் பெற்றது நமது திண்டுக்கல். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தகைய ஊரில் படிக்கும் நமக்குப் பூட்டு எது, பூட்டுப் போலத் தோன்றுவது எது என்று தெரிய வேண்டாமா? சென்ற ஆண்டு வரை எனக்கே அது தெரியாது.

வடமதுரைப் பக்கத்திலிருந்து வரும் என் வகுப்பு நண்பன் தந்தையை இழந்தான். மாலையிட்டு வைக்க வீட்டில் ஒரு நல்ல படமில்லை. கடன் விண்ணப்பத்திற்காக அவனே முன்பு ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிய 'ஆஃப்லைன் கேஒய்சி' கோப்பு மட்டும் கைப்பேசியில் இருந்தது. திறந்தால் பெயர், முகவரி, அதன்பின் ஆயிரக்கணக்கில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! "இதுக்குள்ள அப்பா படம் இருக்காம்டா" என்றான்.

இருந்தது உண்மைதான். அம்முறைக்கு 'பேஸ்64' என்று பெயர். பழைய மின்னஞ்சல் வழிகள் ஆங்கில எழுத்துகளையே பழுதின்றிச் சுமக்கும். படத்தை அப்படியே அனுப்பினால் சிதைத்துவிடும். ஆகவே படத்தை எழுத்தாக்கி அனுப்பினர். 1992இல் போரன்ஸ்டைன், ஃபிரீட் என்னும் இருவர் வெளியிட்ட 'மைம்' வரைமுறை இதனை மின்னஞ்சலில் பரவலாக்கியது.

பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு; ஆக 64 குறிகள். 0 முதல் 63 வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நண்பனின் சரம் சாய்கோடு, 9, சிறிய ஜே, சாய்கோடு என்று தொடங்கியது. இவற்றின் எண்கள் 63, 61, 35, 63. ஒவ்வொன்றையும் ஆறு இருமக் குறிகளாக எழுதிப் பாருங்கள்: 111111 111101 100011 111111. இந்த 24 குறிகளையும் எட்டெட்டாகப் பிரித்தால் 255, 216, 255 என்ற மூன்று எண்கள் வரும். 'ஜேபெக்' படங்கள் யாவும் இப்படித்தான் தொடங்கும்! நான்கு எழுத்துக்கு மூன்று எண். இவ்வாறே இறுதிவரை மாற்றிச் சென்றால் படக்கோப்பு தயார். (மூன்றுக்கு நான்கு என்பதால் எழுத்து வடிவம் மூன்றில் ஒரு பங்கு பெருத்திருக்கும்.)

"ஆன்லைன்ல ஏதாவது தளத்துல ஒட்டிடு, படமா வந்துடும்" என்று யோசனை சொன்னவன் நானேதான். கணினித் துறைப் பேராசிரியர் தடுத்தார். "அது பூட்டு இல்லப்பா, பொட்டலம். யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம்" என்றார். கோப்பு அடங்கிய 'ஜிப்' பொதிக்கு நண்பன் நான்கு எழுத்தில் கடவுச்சொல் இட்டிருந்தான், பூட்டு அதுதான். உள்ளிருந்த சரத்திற்குப் பூட்டே கிடையாது. சில தளங்கள் நமது உலாவிக்குள்ளேயே மாற்றித் தருகின்றன. சில, சரத்தைத் தம் கணினிக்கு எடுத்துச் செல்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. முழுக்கோப்பையும் ஒட்டியிருந்தால் முகத்தோடு பெயரும் முகவரியும் போயிருக்கும்.

வேற்றுத் தளமே தேவையில்லை. விண்டோஸில் 'சர்ட்யூட்டில்', லினக்ஸில் 'பேஸ்64' என்று கட்டளைகள் உடன் வருகின்றன. துறைக் கணினியில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு முயன்றோம். முதல் முறை நெற்றியும் கண்களும் மட்டும் வந்தன; கீழே வெறும் சாம்பல் நிறம். நண்பன் பேசவில்லை. கைப்பேசியிலிருந்து நகலெடுக்கையில் சரத்தின் வால் அறுந்திருந்தது. எழுத்துகளை எண்ணினால் நான்கால் வகுபட வேண்டும், வகுபடவில்லை. மூலக்கோப்பையே கணினிக்குக் கொணர்ந்து, சரத்தை முழுதாக எடுத்து மீண்டும் கட்டளை கொடுத்தோம்.

முகம் முழுதாக வந்தது. ஆதாருக்கு எடுத்த அந்தச் சிறிய படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் மங்கிவிடும் என்றார் ஸ்டூடியோக்காரர். அஞ்சலட்டை அளவில் போட்டு வாங்கிக்கொண்டு நண்பன் ஊருக்குப் பேருந்து ஏறினான்.