கொழும்பு துறைமுகத்தில் கப்பல் பயணிகள்

கொழும்பு துறைமுகம் இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள பெரிய துறைமுகம் ஆகும். சரக்குப் பெட்டகங்களைக் கையாள்வதே இதன் முதன்மைப் பணி. எனினும் சொகுசுக் கப்பல்களும் இங்கு வந்து செல்கின்றன. இவற்றில் வரும் பயணிகள் பெரும்பாலும் காலையில் இறங்கி மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடுவர். நகரைக் காண அவர்களுக்குச் சில மணி நேரமே கிடைக்கிறது.

வரலாறு

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் இடையே கப்பல் போக்குவரத்து பெருகியது. அதுவரை காலித் துறைமுகமே இலங்கையில் கப்பல்கள் தங்குமிடமாக இருந்தது. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டும் பணி 1875-இல் தொடங்கி 1885-இல் நிறைவுற்றது. அதன்பின் கப்பல்கள் கொழும்புக்கு மாறின. கப்பல்கள் சுவருக்கு உட்புறம் நங்கூரமிட, பயணிகள் படகுகளில் இறங்குதுறைக்கு வந்தனர். ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890-இலும், அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1896-இலும் இவ்வழியில் கொழும்பைக் கண்டனர். சுவாமி விவேகானந்தர் மேலை நாடுகளிலிருந்து திரும்பியபோது 1897 ஜனவரி 15 அன்று இங்குதான் கரையிறங்கினார்.

தூத்துக்குடி வழி

ராதாபுரம் வட்டத்தில் இடிந்தகரை, கூத்தங்குழி முதலிய கடற்கரை ஊர்கள் இருந்தாலும் அங்குப் பெருந்துறைமுகம் இல்லை. திருநெல்வேலிச் சீமை மக்களுக்குக் கொழும்பு செல்லும் கடல்வாசல் தூத்துக்குடியே. அதன் பழைய துறைமுகம் ஆழம் குறைந்தது. ஆகவே நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நின்றன. பயணிகள் படகில் சென்று கப்பல் ஏறி, ஓரிரவுப் பயணத்தில் கொழும்பை அடைந்தனர்.

வணிகர்கள் புறக்கோட்டையில் கடை வைத்தனர். தோட்டத் தொழிலாளர்களின் நிலை வேறு. அவர்கள் நோய்த் தடுப்புக்காக முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, பின்னர் மலையகத்துக்கு அனுப்பப்பட்டனர். ஒரே கடல்வழியாக வந்தாலும் நகரைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே இருந்தது.

இவ்வழித்தடம் ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் பிடியில் இருந்ததை எதிர்த்தே வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வாங்கப்பட்டன. 1908-இல் அவர் சிறை சென்றபின் கம்பெனி நலிவுற்றது.

கரையிறங்கும்போது கவனிக்க வேண்டியவை

- கப்பலின் கடிகாரமும் கரையின் நேரமும் வேறுபடலாம். மாலத்தீவின் நேரம் இலங்கையை விட அரை மணி பின்தங்கியது. எனவே திரும்ப வேண்டிய நேரம் எந்தக் கணக்கில் சொல்லப்படுகிறது என்று கேட்டறிய வேண்டும்.
- கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியே சென்றவருக்காகக் காத்திருக்காது. கப்பலைத் தவறவிட்டவர் அடுத்த துறைமுகத்துக்குத் தம் செலவில் செல்ல நேரும்.
- நுழைவு அனுமதி, கடவுச்சீட்டு பற்றிய விதிகளைப் புறப்படும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.
- வெளியே செல்லும்போது கப்பல் நிறுவனம் தந்த அடையாள அட்டையையும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணையும் உடன் வைத்திருப்பது நல்லது.

ஒரு நாளில் காணத்தக்கவை

துறைமுகத்தை ஒட்டிய கோட்டைப் பகுதியில் 1857-இல் கட்டப்பட்ட மணிக்கூண்டு உள்ளது. இது பின்னர் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. அருகிலுள்ள புறக்கோட்டையில் சிவப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலும், நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் நிறைந்த செட்டியார் தெருவும் உள்ளன. கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் ஆலயமும், பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் அருகருகே அமைந்துள்ளன. மாலையில் மக்கள் கூடும் இடம் காலிமுகத்திடல்.

தமிழ் மாணவர்கள் தவறவிடக்கூடாத இடம் 1877-இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே தொடர்பான, 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்த மும்மொழிக் கல்வெட்டு இங்கு உள்ளது. காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லில் சீனம், பாரசீகம் ஆகியவற்றுடன் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாராகிய திருமாலையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. அன்றைய கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தை இது காட்டுகிறது.

அண்மைக் காலம்

2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் ஸ்கோசியா பிரின்ஸ் என்னும் பயணிகள் கப்பல் தொடங்கி வைக்கப்பட்டது. அச்சேவை அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் புறப்பட்டது. அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் சென்றது. கொழும்பு அதில் இடம்பெறவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை படகுச் சேவை தொடங்கியது. 2011-க்குப் பின் கொழும்பு செல்ல விரும்பும் தென்மாவட்ட மக்கள், ஓரிரவில் கடக்கக்கூடிய கடல் அருகிலேயே இருந்தும், மதுரை, திருச்சி, சென்னை விமான நிலையங்களை நாட வேண்டியதாயிற்று.