ஒரே வாய்க்கால், இரு குளங்கள்

வெண்ணாற்று வாய்க்கால் ஒன்றே எங்கள் ஊரின் இரு குளங்களையும் நிரப்புகிறது. ஒன்றில் கட்லாவும் ரோகுவும் கொழுக்கின்றன. மற்றதில் வலை வெறுமையாக வருகிறது. தெளிந்த நீரை நம்பிச் சித்தப்பா கடன்பட்டுக் குத்தகை எடுத்தது இரண்டாவதை! ஊரார் 'ராசி' என்பர். ராசியன்று, வெயில்.

ஒளி நீருக்குள் இறங்கினால் நுண்பாசி பெருகும். அதை உண்ணும் நுண்ணுயிர்களே கட்லாவுக்கு இரை. ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் ஒளியுமில்லை, பிராணவாயுவும் குறைவு. காற்றை நேரே சுவாசிக்கும் விராலும் பனையேறிக் கெண்டையுமே அங்கே தாக்குப்பிடிக்கும்.

நண்பர்களே, ஏலம் கேட்குமுன் முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை பளிச்செனத் தெரிந்தால் இரை குறைவு. பச்சையில் மங்கி மறைந்தால் இரை உண்டு. வண்டல் கலங்கலில் மறைவது கணக்கில் சேராது.