இருப்பதோடு சேரும் சிந்தசைசர்

கோப்பெங், ஈப்போ பக்கம் கல்யாணத்துக்கும் கோவில் திருவிழாவுக்கும் வாசிக்கும் இசைக்குழுக்களிடம் பெரும்பாலும் ஒரு யமாஹா கீபோர்டும் ஒரு ரோலண்ட் ஆக்டபேடும் இருக்கும். அவற்றோடு ஓர் அனலாக் சிந்தசைசரையும் சேர்க்க விரும்பும் இளைஞர்கள் முதலில் பார்ப்பது பெயரை, அடுத்தது விலையை. நம் குழுவில் எந்த ஓசை இன்னும் இல்லை என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பேன்.

இதற்கு நல்ல முன்மாதிரி, இந்தித் திரையிசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங். 1982-ல் அவர் செய்த இசைத்தட்டில் டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள். தாளத்துக்கு ரோலண்ட் டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, ராகத்துக்கு ஜூப்பிட்டர்-8. ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடவில்லை. 303 ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் தரும். ஆனால் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும். ஜூப்பிட்டரில் எட்டு ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும். கருவிகளை இணைக்கும் மிடி முறை 1983-ல்தான் வந்தது என்றாலும், 808-ம் 303-ம் ஒரே கேபிளில் தாளக் கணக்கைப் பகிர்ந்துகொள்ள அப்போதே வழி இருந்தது. அந்தத் தட்டை அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1987-ல் சிகாகோவிலிருந்து 'ஆசிட் டிராக்ஸ்' என்ற இசைத்தட்டு வந்து 303-ஐப் பிரபலமாக்கியது. 2010-ல் சிங்கின் தட்டு மறுபடி வெளியான பிறகுதான், அவர் எவ்வளவு முந்திவிட்டார் என்று உலகம் வியந்தது. அவர் 2015-ல் மறைந்தார்.

நம் மேடைக்கு வருவோம். கார்டுகளைக் கீபோர்டே பார்த்துக்கொள்கிறது. அதனால் நான்கு ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் கோர்க் மினிலாக்கைவிட, ஒற்றை ஸ்வர மோனோலாக்தான் என் தேர்வு. 2017-ல் வந்த இந்தப் பெட்டியில் சுருதியை ஸ்வரம் ஸ்வரமாக மாற்றி வைக்கலாம். அந்தர காந்தாரத்தைக் கீபோர்டின் இடத்திலிருந்து 14 சென்ட் இறக்கிப் பாருங்கள். தம்பூராவோடு ஒட்டி நிற்கும். ராகம் வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி என்ன வேண்டும்!

இணைப்பையும் பார்த்துவிடுங்கள். சில கீபோர்டுகளில் வட்ட மிடி துளை இல்லை, யுஎஸ்பி மட்டும்தான்; இடையில் ஒரு யுஎஸ்பி ஹோஸ்ட் பெட்டி தேவைப்படும். பழைய கருவிகளில் சிக்கல் இன்னும் அதிகம். மூகும் ரோலண்டும் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில் இயங்குபவை. கோர்க் எம்எஸ்-20-க்கு வேறு கணக்கு. நேரடியாகச் சேர்த்தால் சுருதி சேராது. ஜப்பானிலிருந்து வரும் பழைய சிந்தசைசர்கள் பல 100 வோல்ட்டுக்குச் செய்தவை. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் சுவர் பிளக்கில் சொருகினால் கருகிவிடும்.

அனலாக் ஆசிலேட்டரின் சுருதி சூட்டுக்கு ஏற்ப நகரும். திறந்தவெளி மேடையில் அரை மணி நேரம் முன்பே ஆன் செய்து வையுங்கள், கச்சேரி தொடங்கும் முன் சுருதியைச் சரிபாருங்கள். வாங்கப் போகும்போது உங்கள் ஆக்டபேடைக் கடைக்கே கொண்டுபோய், இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.