பால்கோவா ஆர்டருக்கும் ஒரு சிட்டா வேண்டும்

ராஜபாளையம் தாலுகாவிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவிலோ ஒரு நிலத்தின் விவரம் தேட வருவாய்த் துறையில் இரண்டு கணக்குகள் உண்டு. சர்வே எண் தெரிந்தால் அ-பதிவேடு. பட்டா எண்தான் தெரியும் என்றால் சிட்டா. நிலம் ஒன்றே, தேடும் வழிதான் வேறு. சிட்டா இல்லையென்றால், ஒருவருக்கு அந்தக் கிராமத்தில் எங்கெங்கே நிலம் இருக்கிறது என்று பார்க்க அ-பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்ட வேண்டியதுதான். கிளவுட் டேட்டாபேஸில் டேபிள், இன்டெக்ஸ் என்பவை ஏறக்குறைய இந்த இரண்டும்தான்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வெளியூருக்குக் கூரியரில் அனுப்பும் ஒரு கடை, ஆர்டர்களை அமேசானின் கிளவுட் டேட்டாபேஸான டைனமோடிபியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். டேபிளின் முதன்மைச் சாவி ஆர்டர் எண். ஆனால் போன் செய்கிறவர் ஆர்டர் எண்ணையா சொல்கிறார்? “ரெண்டு கிலோ சொல்லியிருந்தேனே அண்ணாச்சி, அனுப்பிட்டீங்களா?” என்பார். கடையில் தெரிவது அவருடைய போன் எண் மட்டும். அதற்கு இன்டெக்ஸ் இல்லையென்றால் டேபிள் முழுவதையும் படித்துத்தான் தேட வேண்டும். படித்த அளவுக்குக் காசு. இன்டெக்ஸும் இனாம் அல்ல. பட்டா மாறினால் இரண்டு கணக்கையும் திருத்துவதுபோல ஒவ்வொரு ஆர்டரும் இரண்டு இடத்தில் எழுதப்படும், இரண்டுக்கும் கட்டணம் உண்டு.

இந்த டேபிளை பிரவுசரில் நாலைந்து கிளிக்கில் உருவாக்கிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த இன்டெக்ஸை யார் வைத்தது, எதற்காக என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால்தான் டேபிளின் அமைப்பையே ஒரு கோப்பாக எழுதும் முறை வந்தது. அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் 2011-இலும் ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெராஃபார்ம் 2014-இலும் வெளிவந்தன. டேபிளின் பெயர், சாவி, அது எழுத்தா எண்ணா, எந்த இன்டெக்ஸ், அதில் எந்த விவரங்களை நகலெடுப்பது, கட்டண முறை எது என்பதெல்லாம் கோப்பில் இருக்கும். கருவி அதைப் படித்து, கிளவுடில் இருப்பதோடு ஒப்பிட்டு, வேண்டியதைச் செய்யும். சோதனைக்கு ஒன்று, அமேசானின் மும்பை மையத்தில் நிஜக் கடைக்கு ஒன்று என்று ஒரே கோப்பிலிருந்து இரண்டு டேபிள் எடுக்கலாம்.

வணிக மென்பொருள் விற்கும் ராம்கோ சிஸ்டம்ஸின் பதிவு அலுவலகம் ராஜபாளையத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட பெரிய கம்பெனிகளுக்கான சமாச்சாரம் இது என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் கடைக்குத்தான் இந்தக் கோப்பு அதிகம் தேவை. அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்து வருபவருக்கு மிஞ்சுவது அதுதான்.

புதிதாக எழுதுபவர்கள் பெயர், ஊர், எடை, விலை என எல்லாப் பத்திகளையும் கோப்பில் அடுக்குவார்கள்; கருவி பிழை காட்டும். டைனமோடிபியில் சாவியாகவோ இன்டெக்ஸின் சாவியாகவோ வருவதை மட்டும் அறிவித்தால் போதும். போன் எண்ணை எண் வகையாக வைப்பது இன்னொரு பொறி: முன்னால் உள்ள பூஜ்யமும் கூட்டல் குறியும் நிற்காது. எழுத்து வகையாகவே வைக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இன்டெக்ஸைப் பின்னாளில் சேர்க்கலாம். பழைய ஆர்டர்கள் அதில் ஏறி முடியும்வரை காத்திருந்தால் சரி. டேபிளின் முதன்மைச் சாவியை அப்படி மாற்ற முடியாது. கோப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தினால், டெராஃபார்ம் பழைய டேபிளை, உள்ளே இருந்த ஆர்டர்களோடு சேர்த்து அழித்துவிட்டு, புதிதாக ஒன்றைக் கட்டும். சொல்லாமல் செய்வதில்லை. முன்கூட்டியே காட்டும் திட்டப் பட்டியலில் டேபிள் அழிக்கப்பட்டுப் புதிதாக உருவாக்கப்படும் என்று எழுதியிருக்கும். நீளமான பட்டியலை யாரும் படிப்பதில்லை என்பதுதான் சிக்கல். அழிப்பைத் தடுக்கும் வரியை முதல் நாளே கோப்பில் சேர்த்துவிடுவது நல்லது. இன்டெக்ஸின் சாவியை மாற்றவும் குறுக்கு வழி தேடக் கூடாது: வேறு பெயரில் புதிய இன்டெக்ஸை உருவாக்கி, கடையின் மென்பொருளை அதற்குத் திருப்பிவிட்டு, பிறகு பழையதை நீக்க வேண்டும்.

இன்னொன்று: கோப்பின் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் அதைப் பத்திரமாக வைத்திருப்பது பேக்கப் ஆகாது. கோப்பிலிருந்து கிடைப்பது காலி டேபிள். ஆர்டர்களும் திரும்ப வேண்டுமென்றால் டைனமோடிபியின் தொடர் பேக்கப்பைக் கோப்பில் தனியாக இயக்க வேண்டும். அதிகபட்சம் 35 நாள் பின்னோக்கிப் போகலாம். அப்படி மீட்கப்படும் டேபிள் புதிய பெயரில்தான் வரும். அதைக் கோப்போடு இணைக்கும் வேலையையும் கையால் செய்ய வேண்டும், அதுவும் பெரும்பாலும் தீபாவளி ஆர்டர் குவியும் வாரத்தில்.