சூடு ஆறிய பின் புழுவை விடுவோம்

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, எம்மிடம் வந்த விவசாயிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "யூரியாவுக்குப் பதிலா என்னத்தைப் போடுறது?" அந்த அவசரத்தில் நாமும் ஒரு பிழை விட்டோம். அதைச் சொல்லாமல் மண்புழுப் பசளை பற்றி எழுதுவது சரியல்ல.

வலிகாமத்தில் ஆழ்கூள முறையில் கோழி வளர்க்கும் ஓர் அம்மா, கொட்டிலில் இருந்து அள்ளிய கூளத்தை என்ன செய்வது என்று கேட்டார். "தொட்டியில் போட்டுப் புழுவை விடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் காலையில் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் தப்பிய புழுக்கள் தொட்டிச் சுவரில் ஏறி நிற்கின்றன. மற்றவை செத்துக் கிடக்கின்றன. கூளத்துக்குள் கையை விட்டோம். வைத்திருக்க முடியாத சூடு. அமோனியா மணம் கண்ணை எரித்தது.

"பாவம் தம்பியவை, அவிஞ்சு போச்சுதுகள்" என்றார் அந்த அம்மா. எம்மைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

நடந்தது இதுதான். கூளத்தில் உமி அல்லது மரத்தூளுடன் எச்சமும் சிந்திய தீனும் சேர்ந்திருக்கும். ஈரம் பட்டுக் குவிந்ததும் நுண்ணுயிர்கள் அதை உக்கச் செய்யத் தொடங்க, குவியலின் நடுவில் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை வெப்பம் ஏறும். இந்தச் சூடு நல்லது. நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் கொல்லும். ஆனால் 35 பாகையைத் தாண்டினால் செம்புழுக்கள் தாங்கா. அமோனியாவும் எச்சத்தில் உள்ள உப்பும் அவற்றுக்கு நஞ்சு.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் வெளியே குவியல். ஒரு கடகம் கூளத்துக்கு இரண்டு கடகம் வைக்கோல், சருகு, நறுக்கிய வாழைத்தண்டு என்று கலந்து, மூன்றடிக்குக் குறையாத உயரத்தில் குவியுங்கள். தாழ்ந்த குவியல் சூடேறாது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் இரண்டொரு துளி நீர் வரவேண்டும். அதற்கு மேல் ஈரம் வேண்டாம். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வையுங்கள். சிறிது நேரம் கழித்து இழுத்துப் பிடிக்கும்போது கை சுட்டால் வேலை நடக்கிறது. சூடு தணியும்போது பிரட்டிப் போடுங்கள். பிரட்டியும் சூடேறாமல், அமோனியா மணம் போய் மண் மணம் வந்தால் முதற்கட்டம் முடிந்தது. பெரும்பாலும் ஆறு வாரமாவது செல்லும். உமி அப்போதும் உமியாகவே கிடக்கும். அதில் சிலிக்கா அதிகம், எளிதில் உக்காது. கவலை வேண்டாம், அது மண்ணை இளக்கித் தரும்.

மாட்டுக் கொட்டில் வைக்கோலும் ஆட்டுப் புழுக்கையும் இவ்வளவு கடுமையல்ல, என்றாலும் அவற்றையும் ஆறவிட்டே போடுங்கள். புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணியைச் சில வாரங்களுக்குத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். மருந்தடித்த பலகையின் தூளும் கூடாது.

புழுக்களை விடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு சிரட்டையில் ஆறிய கூளத்தை இட்டுப் பத்துப் புழுக்களை விட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். மறுநாள் பத்தும் உள்ளே சுகமாக இருந்தால் தொட்டியை நிரப்பலாம்.

தொட்டிக்குச் சீமெந்துக் கல் இரண்டு வரி போதும். அடியில் பொச்சுமட்டை, அதன்மேல் நன்னீரில் கழுவிய தும்புத்தூள், பிறகு ஒரு முழ உயரத்துக்குள் கூளம். மேலே கிடுகுக் கூரை. உவர்க் கிணற்று நீரைத் தெளிக்காதீர்கள். தோட்டத்து மண்ணைக் கிண்டி எடுக்கும் புழுக்கள் ஆழத்தில் வாழ்பவை, தொட்டியில் நில்லா. மேற்பரப்புக் குப்பையில் வாழும் செம்புழுக்களே வேண்டும்.

யாழ்ப்பாணத்தாருக்கு இன்னொன்று. எமது நிலத்தடி சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடக்கும் கோழிக் கூளம் கரைந்தால் அதன் நைத்திரேற்று நேரே குடிநீர்க் கிணற்றுக்குத்தான் போகும். குவியலைக் கிணற்றுக்குத் தூரத்தில் வைத்துத் தறப்பாளால் மூடுங்கள்.

மண்புழுப் பசளை யூரியாவின் இடத்தை முழுதாய் நிரப்புமா? கணக்குப் பார்ப்போம். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் உள்ள மண்புழுப் பசளையில் அவ்வளவைப் பெற 1,500 கிலோவுக்கு மேல் வேண்டும். அதுவும் மெல்ல மெல்லத்தான் பயிருக்குக் கிடைக்கும். ஒரு போகத்துக்குள் நாடு முழுவதும் மாறிவிடலாம் என்று 2021 இல் நினைத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் பல வயல்கள் மஞ்சளாகிவிட்டன. வயலுக்கல்ல, மிளகாய் நாற்றுமேடைக்கும் கத்தரிக் குழிக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் என்று தொடங்குங்கள்.

அந்த அம்மாவிடம் இப்போது இரண்டு தொட்டிகள் உள்ளன. சிரட்டைச் சோதனை அவர் எமக்குக் காட்டித் தந்தது. புழு வேண்டுவோருக்கு அவரே கொடுக்கிறார், ஆனால் "குவியல் போட்டாச்சோ?" என்று கேட்ட பிறகுதான்.