களையா? மரமா?

சாக்லேட் எதிலிருந்து செய்கிறார்கள் தெரியுமா? கோகோ என்ற மரத்தின் விதையிலிருந்து. நம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் கோகோ ஊடுபயிராக இருக்கிறது. ஆனால் உலகில் விளையும் கோகோவில் ஏறக்குறைய பாதி இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. ஒன்று கானா. மற்றொன்று ஐவரி கோஸ்ட். இரண்டும் மேற்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து உள்ள நாடுகள்.

நிழல் ஏன் வேண்டும்?

கோகோவின் தாய்வீடு தென் அமெரிக்காவின் அமேசான் காடு. அங்கே அது உயரமான மரங்களின் கீழே வளர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் பல விவசாயிகள் காட்டை அழித்து, நிழலே இல்லாமல் கோகோ நட்டார்கள். முதலில் நல்ல விளைச்சல் வந்தது. சில ஆண்டுகளில் மண்ணின் சத்து குறைந்தது. கோகோ மரங்கள் சீக்கிரம் தளர்ந்தன.

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாரா பாலைவனத்திலிருந்து வறண்ட காற்று வீசும். நிழல் மரம் இருந்தால் ஈரம் காக்கும். உதிரும் இலை உரமாகும்.

தானே வரும் கன்று

நிழல் மரத்தை நாம் நட வேண்டும் என்பதில்லை. பறவையும் வௌவாலும் காற்றும் விதைகளைக் கொண்டு வந்து போடுகின்றன. அந்தக் கன்றுக்குக் காசு இல்லை. முளைத்த இடத்திலேயே அது வேர் பிடித்து விடுகிறது. நாற்றங்காலிலிருந்து வரும் கன்றைப் போலத் தண்ணீர் ஊற்றிக் காக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

1. களை வெட்டும் முன் மரக்கன்றுகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

2. நல்ல கன்றின் பக்கத்தில் ஒரு குச்சி நட வேண்டும். அப்போதுதான் கூலியாளின் கத்தி அதில் படாது.

3. கீழ்க்கிளைகளைக் கழிக்க வேண்டும். மரம் நேராக உயரும்.

4. நெருக்கமாக இருப்பவற்றை நீக்க வேண்டும். கானாவில் ஏக்கருக்கு 6 அல்லது 7 பெரிய மரங்கள் போதும் என்கிறார்கள். நிழல் மிஞ்சினால் ஈரம் கூடி, காய் அழுகும்.

எல்லா மரமும் ஆகாது. ஒடும், எம்ரே, ஒஃப்ராம் போன்ற மரங்களை அங்கே விரும்பி விடுகிறார்கள். நம்மூரிலும் உள்ள இலவ மரம் கோகோவுக்கு ஆகாது. கோகோவின் தண்டு வீக்க நோய் அதில் தங்கும். மாவுப்பூச்சி அதைக் கோகோவுக்குப் பரப்பும்.

ஏன் வெட்டினார்கள்?

இவ்வளவு நன்மை இருந்தும் பலர் கன்றுகளை வெட்டி எறிந்தார்கள். அது அறியாமையால் மட்டும் அல்ல. கானாவில் 1962-இல் ஒரு சட்டம் வந்தது. தானாக முளைத்த தடி மரங்களின் உரிமை நாட்டின் அதிபர் பொறுப்பில் போனது. விவசாயி வளர்த்த மரத்தை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வெட்டிச் செல்வார். மரம் விழும்போது கீழே உள்ள கோகோ நசுங்கும். உரிய நஷ்டஈடும் கிடைக்காது. "மரம் பெரிதானால் நமக்குத்தான் நஷ்டம்" என்று விவசாயி நினைத்தார். கன்றாக இருக்கும்போதே வெட்டினார். பெரிய மரமாக இருந்தால் அடியில் தீ வைத்தார்.

ஐவரி கோஸ்ட்டில் 2014-இல் வந்த வனச் சட்டம், நிலம் யாருடையதோ அவருக்கே மரமும் சொந்தம் என்றது.

இது நமக்கும் புதிதல்ல. தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் சந்தன மரம் முளைத்தாலும் அது அரசுக்கே சொந்தம் என்றிருந்தது. வம்பு எதற்கு என்று பலர் கன்றைப் பிடுங்கினார்கள். 2002-இல் சட்டம் மாறியது. மரம் நிலத்துக்காரருக்குச் சொந்தமானது. ஆனாலும் வெட்டி விற்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

மரம் வளர அறிவுரை மட்டும் போதாது. வளர்த்தவருக்கு அதில் உரிமை வேண்டும். அந்த உரிமை என்ன என்று படித்துத் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் வரப்பில் தானாக முளைத்த கன்றுகள் எவை?

அவற்றில் எதை விடலாம்? எதை நீக்கலாம்?

அந்த மரத்தை வெட்ட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?