காலை வெட்டாமல் காப்பாற்றும் 'அளவு மூட்டு'!

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். அதற்குத் தெற்கே ஒரகடம். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். இன்று திரும்பிய பக்கமெல்லாம் தொழிற்சாலை!

1998-ம் ஆண்டு, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி கார் செய்யத் தொடங்கியது. 2010-ம் ஆண்டு, ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இங்கே ஒரு பாகத்தைச் செய்தால், அதே போல ஆயிரம் பாகம் வரும். எல்லாம் ஒரே அளவு. காரில் ஒன்று தேய்ந்து போனால் கழற்றி எறிந்து விட்டு, கடையில் புதிதாக வாங்கி மாட்டி விடலாம்.

மனிதனுக்கு?

மனித எலும்பு அச்சில் வார்த்தது அல்ல. அண்ணனுடைய முழங்கால் தம்பிக்குப் பொருந்தாது. ஒருவருக்கு எலும்பு நீளம், ஒருவருக்குக் குட்டை. ஒருவருக்குப் பருமன், ஒருவருக்கு மெலிவு. அப்படியானால் எலும்பு கெட்டுப் போனவனுக்கு எந்தக் கடையில் போய் வாங்குவது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு படம்!

முழங்காலில் ஒரு வீக்கம்

பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன். ஓடி ஆடி விளையாடுகிறவன். ஒருநாள் முழங்காலுக்கு மேலே வலிக்கிறது என்கிறான். "விளையாட்டில் அடிபட்டிருக்கும்" என்று அம்மா எண்ணெய் தேய்த்து விடுகிறாள். வலி போகவில்லை. இரவில் தூக்கம் இல்லை. வீக்கம் பெரிதாகிறது.

டாக்டரிடம் போகிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். சதையையும் சிறிது எடுத்துச் சோதிக்கிறார்கள். எலும்பில் புற்றுநோய்!

இந்த நோய் பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. முழங்காலை ஒட்டிய எலும்புகளில்தான் அதிகம் வருகிறது. முன்பெல்லாம் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. காலை வெட்டி எடுத்து விடுவார்கள். உயிர் பிழைத்தவனும் ஆயுள் முழுவதும் கட்டைக் காலோடு நடக்க வேண்டும்.

இப்போது பல பிள்ளைகளுக்கு அப்படி வெட்ட வேண்டியதில்லை. நோய் பிடித்த எலும்பையும் மூட்டையும் மட்டும் எடுத்து விட்டு, அந்த இடத்தில் உலோக எலும்பை வைத்து விடுகிறார்கள். பிள்ளை தன் சொந்தக் காலிலேயே நடக்கிறான்!

ஆனால் அந்த உலோக எலும்பு அவன் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். அதன் தண்டு, மிச்சமுள்ள எலும்பின் நடுவே இருக்கும் குழிக்குள் இறங்க வேண்டும். தண்டு பருத்தால் எலும்பு பிளந்து விடும். மெலிந்தால் ஆடும். மொத்த நீளம் அதிகமானால் நரம்பும் ரத்தக் குழாயும் இழுபடும். குறைந்தால் நொண்ட வேண்டி வரும்.

காலைக் கிழித்துப் பார்த்தா அளவு எடுக்க முடியும்?

சுவரில் விழும் நிழல்

1895-ம் ஆண்டு ராண்ட்ஜன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும், விரலில் கிடந்த மோதிரமும் தெரிந்தன. உலகமே வியந்தது.

ஆனால் எக்ஸ்ரே படம் ஒரு நிழல்தான். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டினால், சுவரில் விழும் நிழல் கையைவிடப் பெரிதாக இருக்கும் அல்லவா? அதே போல எக்ஸ்ரே படத்திலும் எலும்பு உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் தெரியும். அதை அப்படியே நம்பி அளந்தால் ஆபத்து!

இதற்கு டாக்டர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். எலும்புக்குப் பக்கத்தில், அளவு தெரிந்த உலோகக் குண்டு ஒன்றை வைத்துப் படம் எடுக்கிறார்கள். குண்டு 25 மில்லி மீட்டர். படத்தில் அது 30 மில்லி மீட்டர் என்று தெரிகிறது. அப்படியானால் படத்தில் 120 மில்லி மீட்டராகத் தெரியும் எலும்பு, உண்மையில் 100 மில்லி மீட்டர்தான். கணக்கு சரியாகி விடுகிறது!

வெள்ளரிக்காய் வில்லைகள்

நிழலைப் பார்த்து நீளம் சொல்லலாம். எலும்பின் மேடு பள்ளம், உள்ளே இருக்கும் குழியின் வளைவு இதையெல்லாம் சொல்ல முடியாது. அதற்கு வந்ததுதான் சி.டி. ஸ்கேன்.

இங்கிலாந்தைச் சேர்ந்த என்ஜினீயர் ஹவுன்ஸ்ஃபீல்ட். இசைத்தட்டுக்குப் பேர்போன இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தார். 1971-ம் ஆண்டு, அவர் செய்த கருவியால் லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாகப் படம் எடுத்தார்கள். 1979-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளரிக்காயை மெல்லிய வில்லைகளாக நறுக்குவது போல, இந்தக் கருவி உடம்பை வில்லை வில்லையாகப் படம் எடுக்கிறது. கத்தி படுவதில்லை. ஒரு வில்லை ஒரு மில்லி மீட்டர் கனம். அதைவிட மெல்லியதாகவும் எடுக்கலாம். கம்ப்யூட்டர் அந்த வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. சதையை ஒதுக்கி எலும்பை மட்டும் பிரிக்கிறது. திரையில் முழு எலும்பு எழுந்து நிற்கிறது! அதைத் திருப்பிப் பார்க்கலாம். எந்த இடத்திலும் அளக்கலாம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இன்னொரு வேலை செய்கிறது. எலும்பு மஜ்ஜைக்குள் நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று காட்டுகிறது. எந்த இடத்தில் எலும்பை அறுக்க வேண்டும் என்பதை டாக்டர் அதைப் பார்த்து முடிவு செய்கிறார்.

நோய் வந்த கால் உருமாறி இருந்தால்? நல்ல காலைப் படம் எடுத்து, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்புகிறார்கள். கெட்டுப்போன எலும்பு முன்பு எப்படி இருந்திருக்கும் என்பது தெரிந்து விடுகிறது!

பொடியிலிருந்து எலும்பு

படம் தயார். இனிப் பொருள் செய்ய வேண்டும். டைட்டானியம், கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகம் இவை உடம்புக்குள் துருப்பிடிக்காமல் இருக்கும். உலோகத்தைக் கடைந்து உருவாக்குவது ஒரு முறை. புது முறை 3-டி அச்சு. டைட்டானியப் பொடியைப் பரப்பி, லேசர் கதிரால் அல்லது எலெக்ட்ரான் கதிரால் வேண்டிய இடத்தில் மட்டும் உருக்குகிறார்கள். அதன்மேல் மறுபடி பொடி, மறுபடி கதிர். அடுக்கடுக்காக எலும்பு வளர்கிறது. அதன் மேற்பரப்பில் பஞ்சு போலச் சிறு துளைகள் விடலாம். நோயாளியின் சொந்த எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக் கொள்ளும்!

முழங்காலில் வைக்கும் மூட்டு, கதவுக் கீல் போல மடங்கும். சற்றுத் திரும்பவும் செய்யும். உலோகம் உரசும் இடத்தில் எளிதில் தேயாத பிளாஸ்டிக் வைக்கிறார்கள். வளரும் குழந்தைகளுக்கு, பிறகு நீளமாக்கக் கூடிய எலும்பும் உண்டு.

இதையெல்லாம் செய்யச் சில வாரங்கள் ஆகும். அந்தக் காலம் வீணாவதில்லை. பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே நோயாளிக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றுகிறார்கள். ஒரு பக்கம் மருந்து நோயை ஒடுக்குகிறது. மறுபக்கம் அவனுக்கான எலும்பு தயாராகிறது.

சென்னை காட்டிய வழி

அளவெடுத்த மூட்டு நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் எலும்பு சிகிச்சை நிபுணராக இருந்த டாக்டர் மயில்வாகனன் நடராஜன் இதில் பேர் பெற்றவர். எலும்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு, அவரவர் அளவுக்கென உள்நாட்டிலேயே செய்த பெரிய உலோக எலும்புகளை அவர் பொருத்தினார். 3-டி அச்சு பரவுவதற்கு வெகு காலம் முன்பே நடந்தது இது. இந்த ஆபரேஷன்களைப் பற்றி வெளிநாட்டு மருத்துவ இதழ்களிலும் எழுதினார். 2007-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

உள்நாட்டில் செய்ததால் என்ன லாபம்? விலை! வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் எலும்பை ஏழை எப்படி வாங்குவான்? காசு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் காலை இழக்க வேண்டுமா?

விலை விஷயத்தில் மத்திய அரசும் தலையிட்டது. 2017-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு ரூ.54,720. புற்றுநோய்க் கட்டிக்கான விசேஷ மூட்டுக்கு ரூ.1,13,950. இவை வரி நீங்கலாக அன்று அறிவித்த விலைகள்.

ஒரகடத்தில் புதுப் பூங்கா

இங்கேதான் ஒரகடம் வருகிறது. மருத்துவக் கருவிகள் செய்வதற்கென்றே ஒரகடத்தில் சுமார் 350 ஏக்கரில் பூங்கா அமைக்கத் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் திட்டம் தீட்டியது. இமாசலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய 4 மாநிலங்களின் பூங்காக்களை மத்திய அரசு 2021-ம் ஆண்டு தேர்ந்தெடுத்தது. ஒரு பூங்காவுக்கு ரூ.100 கோடி வரை உதவி என்பது திட்டம்.

3-டி வடிவமைப்பு, 3-டி அச்சு, பொருள் சோதனை, கிருமி நீக்கம் போன்ற வேலைகளுக்குப் பொது வசதி செய்து தருவதே இத்தகைய பூங்காக்களின் நோக்கம். ஒவ்வொரு சிறு கம்பெனியும் கோடிக் கணக்கில் பணம் போட்டு எந்திரம் வாங்க வேண்டாம்.

கார் பாகத்தை நுட்பமாகக் கடையவும் அளக்கவும் தெரிந்த தொழிலாளர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள். ஒரே மாதிரி ஆயிரம் செய்யத் தெரிந்த கைகள், ஒருவனுக்காக ஒன்றே ஒன்று செய்யப் பழக வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்!

எல்லோருக்கும் வேண்டாம்

வயதான காலத்தில் முழங்கால் தேய்ந்தவர்கள் "எனக்கும் அளவெடுத்துச் செய்யுங்கள்" என்று கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு, பல அளவுகளில் தயாராக இருக்கும் மூட்டே போதும். படத்தைப் பார்த்து டாக்டர் பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பார். எலும்பு பெரிதும் அழிந்தவர்களுக்கும், பிறவியிலேயே உருமாறியவர்களுக்கும், முன்பு வைத்த மூட்டு கெட்டுப் போனவர்களுக்கும்தான் தனி அளவு முக்கியமாக வேண்டியிருக்கும்.

அளவு சரியாக இருந்தாலும் ஆபத்து அடியோடு நீங்கி விடாது. கிருமி தாக்கலாம். நாளடைவில் மூட்டு தளரலாம். அதனால் டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் போய்க் காட்ட வேண்டும்.

பெற்றோர் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைக்கு மூட்டருகே வலி இருந்து, சில வாரங்களில் குறையாவிட்டால், இரவில் அதிகமானால், வீக்கம் தெரிந்தால், நீவி விடுவதும் கட்டுப் போடுவதும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நோய் முற்றி, காலின் பெரிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் வளைத்துக் கொண்டால், எவ்வளவு நல்ல உலோக எலும்பு இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

காலத்தில் எடுத்த ஒரு படம், பிள்ளையின் காலைக் காப்பாற்றும்!